ஈரக் கை

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் தடித்த கோட்டும் காதை மூடிய குல்லாயுமாக நடமாடுகிற ஒருவனுக்குத் தொழிற்சாலையில் என்ன பெயர் வைப்பார்கள்? பனிக்கரடி என்றுதான் வைத்தார்கள். பிசினில் ஊறிய கார்பன் நார்த் துணி சுருள் சுருளாக வரும். சும்மா கிடந்தால் பிசின் தானாகவே இறுகிவிடும் என்பதால் அதைக் குளிரறையில் உறைய வைத்திருப்பார்கள். அந்த அறைக்குப் பொறுப்பு பனிக்கரடி.

அவன் வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். வெளியே எடுத்த சுருளை மூடிய பையோடு எட்டு மணி நேரம் விட வேண்டும். பையின்மேல் பொட்டு ஈரம் இருந்தாலும் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் படியும். கண்ணுக்குத் தெரியாது. அச்சில் வைத்துச் சூடாக்கி அழுத்தும்போது அது ஆவியாகி, செய்கிற பொருளுக்குள் கொப்புளமாக நின்றுவிடும்.

முன்பெல்லாம் காரின் பாட்டரிக்கான மூடிகள் ஒரு நாளைக்கு எட்டுதான் செய்தார்கள். புது உற்பத்தி லைன் வந்ததும் மூன்று நிமிடத்துக்கு ஒன்று. புது அழுத்து இயந்திரங்கள் வந்தன, துணி வெட்ட இயந்திரம் வந்தது, திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். சுருள்களைக் குளிர் விட வைக்கிற அலமாரி மட்டும் அதே பழைய அலமாரி. அது போதாது என்று சொல்லியிருக்கலாம். இல்லை, காலையில் இரண்டு மணி நேரம் முன்னால் வந்து எடுத்து வைத்திருக்கலாம். பனிக்கரடிக்குத் தூக்கம் பெரிதாக இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

ஒரு நாள் மதியம் சுருள் இல்லாமல் லைன் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மேனேஜர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி மூன்று தரம் போன் செய்தார். பனிக்கரடி ஆறு மணி நேரமே ஆன பையைத் துணியால் துடைத்தான், கிழித்தான், சுருளின் அட்டையில் எட்டு மணி நேரம் என்று எழுதினான். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு பைகளைத் துடைத்தான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

கொப்புளங்கள் ஸ்கேனில் தெரிய ஆரம்பித்தன. பதினொரு மூடிகள் குப்பைக்குப் போயின. அதில் ஒன்பது காலை ஷிப்டில் அவன் அண்ணி அடுக்கியவை.

அண்ணிதான் அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள். அவளும் அண்ணனும் இருக்கிற வீட்டில்தான் அவன் சாப்பாடு, படுக்கை எல்லாம். அச்சில் துணி அடுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புது லைனுக்கு அவள்தான் தலைமை என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவளுக்கு உள்ளங்கை கொஞ்சம் வியர்க்கும். அண்ணியிடம் கை கொடுத்தால் அன்றைக்குக் குளிக்க வேண்டாம் என்று அவளைக் கேலி செய்பவனே இவன்தான்.

மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, அண்ணிக்குக் கை வியர்க்குமாமே, கையுறையைத் தாண்டி ஈரம் இறங்குமோ என்று விசாரித்தார்.

"ஆமா சார். அவங்களுக்கு எப்பவுமே அப்படித்தான்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் பின்னால் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணியை அச்சுத் துடைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். மறுநாளிலிருந்து இவன் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சுருள்களை எடுத்து வைத்தான். பை காய்ந்த பிறகே பிரித்தான். கொப்புளம் அடியோடு நின்றது. அண்ணி போனதும் லைன் சரியாகிவிட்டது என்று மேனேஜர் அறிவிப்புப் பலகையில் வரைபடமே போட்டுவிட்டார். தான் திருந்தியதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டதைப் பார்த்துக்கொண்டு பனிக்கரடி அந்தப் பலகை முன்னால் நின்றான். பிறகு குளிரறைக்குத் திரும்பிவிட்டான்.

வீட்டில் அண்ணி அடிக்கொரு தரம் கை கழுவினாள். பவுடர் பூசினாள். கரண்டியைத் துணியால் சுற்றிப் பிடித்து அவனுக்குப் பரிமாறினாள். அவனும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

வேலை மாற்றிய பத்தொன்பதாம் நாள் மாலை, பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "லைன் நல்லா ஓடுதாமே தம்பி. அப்போ என் கைதான். தலைமை வேலை வேண்டாம்னு நாளைக்கு எழுதிக் கொடுத்துடறேன். என்னால உனக்கும் அங்க கெட்ட பேரு."

அவன் சொன்னான். பையைத் துடைத்தது, அட்டையில் எழுதியது, மேனேஜரிடம் சொன்ன அந்த ஒரு வரி, எல்லாம். எதிரில் அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள் அண்ணி.

நாளைக்குச் சொல்வதாக முனகினான்.

"இப்ப சொல்லு. எனக்குக் கேக்கணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டான். மேனேஜரிடம் அதையே மறுபடி சொன்னான். அவர் அட்டைகளை எடுத்துக்கொண்டு காலையில் முதல் வேலையாகத் தன்னைப் பார்க்கச் சொன்னார். அண்ணியிடம் தானே வந்து பேசுவதாகவும் சொன்னார். தனக்கு என்ன ஆகும் என்று கேட்கக்கூட அவனுக்கு முகம் இல்லை.

அண்ணி கரண்டியில் சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்தாள். உள்ளங்கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"நான் இந்தக் கையைத் தேச்சுத் தேச்சுக் கழுவினதை தினமும் பார்த்துட்டுத்தானே சாப்பிட்ட?"

ஆமாம் என்று அவன் தலையாட்டினான்.

அவள் சோற்றுப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தி, கரண்டியை அதில் போட்டாள்.

"இனிமே நீயே போட்டுக்கோ."