மண்வெட்டிக்கு முன்னால் இராசமலர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கலியாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த தவராசா, "என்ர மனுசி ஒருக்கால் மண்வெட்டிக்கு முன்னால போய் நிண்டவ" என்றார். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

"1987 கார்த்திகையின் இளவெயிலில், தென்றல்—"

வேண்டாம். ஆளைச் சொல்கிறேன்.

இராசமலர் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் ரீச்சர். ஒக்லாந்துக்கு வந்து மூன்று மாதம்; புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்கிற வேலை. பக்குரங்காவில் அயலவர்கள் சேர்ந்து, இந்த நாட்டுக்கே உரிய புற்களை வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சனிக்கிழமையே புருசனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இஞ்சாருங்கோ, இதில ஒண்டின்ர பேரும் எனக்குத் தெரியாது!" என்றாள், ஏதோ பரிசு விழுந்ததுபோல.

3

ஆளுயரத்தில் ஒன்பது புதர்கள், வெண்பூக்கள் சாய்ந்தாட நின்றன. அவற்றைத் தோண்டி எறியத்தான் மார்கரெட் மண்வெட்டியோடு நின்றாள். தோட்டத்துக்குப் பொறுப்பானவள்.

"இது பம்பாஸ். வெளிநாட்டுக் களை. தெரியாமல் நட்டுவிட்டோம்." (அவள் கதைத்தது ஆங்கிலம். தமிழ் என்னுடையது.)

தெருவோரத்தில் பிடுங்கிய பம்பாஸ் ஒன்று மாதிரிக்காகத் தள்ளுவண்டியில் கிடந்தது. இராசமலர் குனிந்து பார்த்தாள். அதன் காய்ந்த இலைகள் தச்சன் சீவிய மரச்சுருள்போலச் சுருண்டிருந்தன. புதர்களின் அடியில் ஒரு சுருள்கூட இல்லை.

"இது அது இல்லை!"

"நீர் பேசாமல் நில்லும். நாங்கள் வந்தாக்கள்" என்றார் தவராசா.

மண்வெட்டி உயர்ந்தது. அவள் குறுக்கே பாய்ந்தாள். "நோ!"

4

இரத்தம் சொட்டச் சொட்ட அவள்—

(இல்லை, விரலில் ஒரு கீறல்தான். தவராசா திருத்தினார்.)

வண்டியில் கிடந்த இலையை வெடுக்கென்று இழுத்தாள், அறுந்தது. புதரின் இலையை இழுத்தாள், நார்போல நின்றது. மறுபடியும் இழுத்தாள். மார்கரெட் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தானும் இழுத்தாள். பிறகு எல்லாரும் இழுத்தார்கள், சிரித்துக்கொண்டே. ஒன்பதும் தொயிதொயி, இந்த மண்ணின் சொந்தப் புல் என்று மார்கரெட்டே ஒப்புக்கொண்டாள். ஒன்பதும் பிழைத்தன.

5

"அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் வருகிறார்கள். அவர்களுக்கு இதை நீங்களே சொல்லிக் காட்டுவீர்களா?" என்று மார்கரெட் கேட்டாள்.

இராசமலர் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது பேர். ஆங்கிலம். தவராசா மெல்லத் தலையாட்டினார்; வேண்டாம் என்றா, ஓம் என்றா, அவருக்கே இப்போது ஞாபகமில்லையாம். அவள் வாயைத் திறந்தாள்.

அந்த இடத்தில் பந்திக்குப் பாயாசம் வந்துவிட்டது. அவரிடம் தொலைபேசியில் கேட்கலாம்; கேட்கப் போவதில்லை. அந்த ஒரு வரி உங்களுடையது. என்ன வேண்டுமானாலும் சொல்ல வையுங்கள், மெல்லிய குரலில் மட்டும் வேண்டாம்.