மேடேறிய வாய்க்கால்

சங்கண்ணவர் சாருக்கு நிலத்தின் மேடு பள்ளம் அளக்கும் மட்டக் கருவியைச் சரியாக நிறுத்திவைக்கத் தெரியாது. எங்கள் கல்லூரியின் சிவில் துறைத் தலைவர் அவர், பெயருக்கு முன்னால் டாக்டர் வேறு. அவர் அந்தக் கருவியைத் தொட்டு நான் பார்த்தது ஆயுத பூஜையன்று குங்குமம் வைத்தபோது மட்டும்தான்.

கர்நாடகாவில் ஹாவேரிப் பக்கத்துக் கல்லூரி எங்களுடையது. மூன்றாம் வருடத்தில் சிவில் படிக்கிறவர்களைக் கெஞ்சனகட்டி என்ற ஊருக்குக் கூட்டிப்போய் நிலம் அளக்கச் சொல்வார்கள். ஊர் ஏரியிலிருந்து கிழக்கே மானாவாரி வயல்களுக்கு ஒரு வாய்க்கால் வரைய வேண்டும். வருடா வருடம் அதே வாய்க்கால்தான். சீனியர்களின் கணக்கைப் பார்த்து எழுதி, அவர்களின் படத்தை மேலே வைத்து வரைந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் சர்வே கேம்ப்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான், அக்ஷதா, கான்ட்ராக்டர் மகன் கோட்ரேஷ். அவன் புளியமரத்தடியில் மல்லாந்து படுத்து, போனில் இருந்த பழைய கணக்கைக் காப்பியடித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குடி வெயில்ல சாகுறீங்க? நீங்க அளந்தா மட்டும் ஏரி பொங்கிடுமா?"

"நீ தூங்குடா. எழுந்ததும் இன்ஜினியர் ஆயிடுவ" என்றாள் அக்ஷதா. பஸ் கண்டக்டர் மகள், எதையும் பாதியில் விடமாட்டாள். அவள் கருவியைப் பார்க்க, நான் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தேன். கடைசி வயலில் கணக்குப் போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வினுதா, இது மேடுடி. ஏரி ரொம்பி வழிஞ்சாலும் தண்ணி இங்க ஏறாது."

மறுநாள் திரும்பவும் அளந்தோம். அளக்கத் தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்து முடித்தபோது கணக்கு பிசகாமல் நின்றது. படத்தில் இருந்த வாய்க்கால்தான் தப்பு.

சங்கண்ணவர் சார் சமுதாயக் கூடத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து மிளகாய் பஜ்ஜியும் பொரியும் தின்றுகொண்டிருந்தார்.

"சார், வாய்க்கால் மேடேறுது" என்றாள் அக்ஷதா.

"உன் கருவி தப்பா இருக்கும்."

"ரெண்டு தடவை அளந்தோம் சார். சரியா வருது."

"அப்போ நிலம் மாறியிருக்கும். எத்தனை எக்ஸாமினர் கையெழுத்துப் போட்ட படம் தெரியுமா அது? அவங்களுக்கெல்லாம் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்."

நிலம் மாறியிருக்குமாம். அதைச் சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்தார்.

நானும் அக்ஷதாவும் எங்கள் கணக்கையே கொடுத்தோம், கோட்ரேஷ் பழையதைக் கொடுத்தான். தேர்வு நடத்த வெளியிலிருந்து ஒருவர் வந்தார். போளி போட்டு விருந்து நடந்தது. சாப்பிட்டு வந்து எங்கள் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்ஷதாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"நீ சொல்றது சரிதான்மா. ஆனா மத்தவங்க எல்லாரும் இதையே வரைஞ்சிருக்காங்களே. எல்லாரையுமா ஃபெயில் போடுறது?"

சங்கண்ணவராவது ஒன்றும் தெரியாதவர். இந்த மனிதருக்குத் தெரிந்தது. தெரிந்தும் மீசையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கோட்ரேஷுக்கு முதல் மதிப்பெண். நாங்கள் ஃபெயிலாகாமல் தப்பித்தோம், அவ்வளவுதான்.

கடைசி வருடத்தில்தான் அது வினையானது. வாய்க்கால் வெட்ட கெஞ்சனகட்டி பஞ்சாயத்துக்குப் பணம் வந்தது. கல்லூரியிடம் படம் கேட்டார்கள். சார் அதே படத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். கேள்விப்பட்டதும் அக்ஷதா அவர் அறைக்கு ஓடினாள்.

"வெட்டிட்டா அவ்வளவுதான் சார். தண்ணி போகாது."

"டிகிரி வாங்குற வழியைப் பாரு. இல்லேன்னா அதுவும் போகாது."

வெட்டினார்கள். வேலையை எடுத்தது கோட்ரேஷின் அப்பா. திறப்பு விழாவுக்குக் கைதட்ட எங்களையும் பஸ்ஸில் ஏற்றிப்போனார்கள். மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் பந்தல். கிழக்கு வயல்காரர்கள் தேங்காயும் மஞ்சளுமாக வாய்க்காலின் கடைசி முனையில் காத்திருந்தார்கள்.

மதகு திறந்தது. தண்ணீர் துள்ளிக்கொண்டு ஓடியது. அனுமார் கோயில் வளைவில் தளர்ந்தது, நின்றது, அப்புறம் ஏறவே இல்லை.

"மண்ணு தண்ணி குடிக்குது, கொஞ்ச நேரம் ஆகும்" என்றார் சார் மைக்கில்.

தேங்கிய தண்ணீர் தாழ்ந்த கரையைத் தாண்டிப் பந்தலுக்குள் வந்தது. சார் மாலையோடு நாற்காலி மேல் ஏறி நின்றார். பஞ்சாயத்துத் தலைவி கங்கவ்வா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"மண்ணு குடிக்கலையே சார். உங்க ஷூதான் குடிக்குது!"

ஊரே சிரித்தது. அக்ஷதா சிரிக்கவில்லை. நேராகக் கங்கவ்வாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

மறுநாள் சாரிடமிருந்து போன். குரலில் அப்படியொரு பாசம்.

"அக்ஷதா, நல்லா இருக்கியாம்மா? அந்தக் கேம்ப் கணக்கு உன்கிட்ட இருக்கில்ல?"

"அது தப்பான கருவியில எடுத்தது சார். டாக்டருக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று வைத்துவிட்டாள்.

கங்கவ்வா தாலுகா ஆபீஸில் கேட்டு ஒரு கருவி வாங்கித் தந்தாள். நாங்கள் இருவரும் ஏரியைச் சுற்றி அளந்தோம். தெற்கு வயல்களுக்குத் தண்ணீர் தானாகப் போகும். கிழக்கே ஒருநாளும் போகாது. அதைக் கிழக்கு வயல்காரர்களிடம் யாராவது சொல்ல வேண்டுமே. சாரா வந்து சொல்வார்? அக்ஷதாதான் போனாள்.

நிங்கப்பா என்பவரின் சோள வயலை வாய்க்கால் நடுவில் பிளந்திருந்தது. அவர் கரையில் குந்தியிருந்தார்.

"தண்ணி வராது பெரியவரே" என்றாள்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"முன்னாடியே யாருக்கும் தெரியாதாம்மா?"

அக்ஷதா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

அடுத்த மழைக்கு, எங்கள் கணக்கை வைத்துத் தெற்கே வெட்டிய புது வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கிழக்கு வாய்க்காலை மூடும் வேலையும் கோட்ரேஷின் அப்பாவுக்கே போனது. அவன் இப்போது அப்பாவின் ஜீப்பில் இன்ஜினியர் என்று எழுதி ஓட்டுகிறான். சங்கண்ணவர் சார் முதல்வராகிவிட்டார். அக்ஷதா தாவணகெரேயில் ஒரு சின்ன அலுவலகத்தில் நிலம் அளக்கிறாள். நிங்கப்பாவின் வயலில் மூடிய மண் இன்னும் பதப்படவில்லை, அந்தப் பட்டையில் சோளம் குட்டையாகவே வருகிறது.