போர்வை மட்டும் வந்து சேர்ந்த பந்தயம்

1

மலைமேல் நீங்களெல்லாம் பொழுதை எப்படித்தான் போக்குகிறீர்கள் என்று கீழே பட்டணத்துத் தோழி ஒருத்தி கேட்டாள். ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மலையில் நெடுங்காலம் இருந்துவிட்ட எனக்கு அது எளிய கேள்வி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குதிரைப் பந்தயம் என்று எழுத உட்கார்ந்தேன். நாலு வரி கலகலப்பாகப் போனது. ஐந்தாவது வரியில் மூடுபனி இறங்கிவிட்டது. அதை இறக்கியது நானல்ல. அதன்பின் இது பதிலாக இல்லை, கதையாகிவிட்டது. மாபலேசாவின் புருஷன் மொலெஃபி இன்னும் அந்தப் பனிக்குள்தான் இருக்கிறான்.

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் தவழும் மலைகளின் மடியில் ஒரு சிற்றூர்..."

(வேண்டாம். அங்கே நின்றவர்கள் யாரும் மேகத்தை ரசிக்கவில்லை.)

இரண்டாவது: மாபலேசா தேவாலய மதில்மேல் ஏறி நின்றிருந்தாள். பந்தயத்தில் மலையைச் சுற்றி வரப் போனவர்களில் பலர் பனியைக் கண்டு பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். திரும்பாதவர்கள் இருவர்: மொலெஃபியும், மேட்டில் தனியாகக் குடியிருக்கும் தெஃபோவும். தட்டைப் பாறையைச் சுற்றி ஆண்கள் காய் விளையாட்டில்* மூழ்கியிருந்தார்கள்.

"இறங்கு அக்கா. நீ மதில்ல நின்னா அந்தக் குதிரைக்கு எட்டுக் காலு முளைக்குமா?" என்றாள் பக்கத்து வீட்டு மாலினேயோ.

"நீ உன் பானையைப் பாரு. பந்தயம் முடியறதுக்குள்ள சோளக் கள்ளுல பாதியை நீயே குடிச்சு வைக்காத."

அப்போது குளம்புச் சத்தம் கேட்டது. பனியைக் கிழித்து ஒரு குதிரை வந்தது. அதன்மேல் மொலெஃபியின் செங்கோடு போட்ட நீலப் போர்வை. எங்கள் ஊரில் தொலைவில் வருபவரை முகத்தை வைத்து யாரும் அடையாளம் காண்பதில்லை. போர்வைதான் ஆள். மாபலேசா குலவையிட்டாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். குதிரை முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றது. போர்வைக்குள்ளிருந்து நிமிர்ந்த முகம் தெஃபோவுடையது.

குலவை ஒவ்வொரு வாயாக அடங்கியது.

*பாறையில் கோடு கிழித்து ஆடுவது. காய்களுக்கு மாடு என்று பெயர். வீட்டில் ஒரு மாடுகூட இல்லாதவனும் ஞாயிற்றுக்கிழமை மந்தைக்காரன்.

3

"ஓடைகிட்ட என் குதிரை சறுக்கிருச்சு. நான் தண்ணிக்குள்ள விழுந்துட்டேன்," என்றான் தெஃபோ. பற்கள் தந்தியடித்தன. "மொலெஃபி அண்ணன்தான் தன் போர்வையைப் போத்தி, தன் குதிரையில ஏத்தி அனுப்பினாரு. கால் ஒடிஞ்ச குதிரையைத் தனியா விடமாட்டேன்னு அங்கயே உக்காந்துட்டாரு."

காய் ஆடிக்கொண்டிருந்த ராமொசா சிரித்தான். "ஜெயிக்கிற குதிரையிலேர்ந்து இறங்கி உன்னை ஏத்திவிட்டானாக்கும்? பாறை விளிம்புல அவனைத் தள்ளிட்டு வந்து ஓடைங்கறியே. ஆட்டையே கேக்காம ஓட்டினவன்தானடா நீ."

(இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தெஃபோ ஆடு திருடியவன் என்று முதல் வரைவில் எழுதியது நான்தான். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டுமே என்று. பிறகு மனம் உறுத்தி அந்த வரியை அடித்துவிட்டேன். காகிதத்திலிருந்து போய்விட்டது. ராமொசாவின் நாக்கிலிருந்து போகவில்லை.)

ஓடை ஒரு திசை, பாறை விளிம்பு நேர் எதிர்த் திசை. பொழுது சாய்கிறது. இருட்டுவதற்குள் ஒரு பக்கம்தான் தேட முடியும். போர்வையில்லாமல் அந்த மலையில் ஓர் இரவைக் கழித்தவர் காலையில்...

இதை முடிக்க மாட்டேன்.

4

மாபலேசா மதிலிலிருந்து குதித்து தெஃபோவிடம் போனாள். போர்வையைப் பற்றி அவனை உலுக்கத்தான் போனாள். பற்றிய கை அப்படியே நின்றது. எங்கள் ஆண்கள் போர்வைக்கு வலது தோளில் ஊக்கு குத்துவார்கள். இது கழுத்தடியில், காற்றுப் புகாதபடி இரண்டு மடிப்பு வைத்துக் குத்தியிருந்தது. மொலெஃபி தன் சின்ன மகள் பலேசாவுக்கு அப்படித்தான் குத்திவிடுவான்.

"இதை யாரு குத்தினது?"

"அண்ணன்தான் அக்கா. எனக்கு விரல் மடங்கல." வீங்கிப்போன கையைக் காட்டினான்.

(ஓர் ஊக்கை நம்பி ஊரையே ஒரு திசையில் அனுப்பலாமா? பிடுங்கிய போர்வையையும் அப்படிக் குத்திக்கொள்ளலாமே என்று என் பயம் சொல்கிறது. ஆனால் கர்த்தர் எங்கள் மலைக்குப் பெரிய அடையாளங்களை அனுப்பி நான் பார்த்ததில்லை. இந்த அளவில்தான் அனுப்புகிறார்.)

"ஓடைப் பக்கம் போவோம்," என்றாள் மாபலேசா.

"இவனை நம்பியா?" என்றான் ராமொசா.

"எங்க வீட்டுக்காரரை நம்பி."

ராமொசா ஆட்டத்தைப் பாதியில் விட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான். தன் போர்வையைக் கழற்றிக் குதிரைமேல் போட்டான். "கண்டுபிடிச்சா அவனுக்குப் போத்த வேணும்ல," என்றான், யார் முகத்தையும் பார்க்காமல்.

5

முடிவு ஒன்று: ஓடையருகே குதிரையின் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்த மொலெஃபி தலையைத் தூக்கி, "யாரு ஜெயிச்சா?" என்றான்.

(எழுதும்போது அழுதுவிட்டேன். அதனாலேயே இதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: ஓடையருகே குதிரை மட்டும்

(அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.)

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. எனக்குத் தெரிவது இவ்வளவுதான். முன்னால் தெஃபோ வழி காட்டிக்கொண்டு போகிறான். பின்னால் மாபலேசா. சிறிது தூரத்துக்கு ஒருமுறை, "பலேசாவோட அப்பா" என்று கூப்பிட்டுவிட்டு மூச்சை அடக்கிக் காது கொடுக்கிறாள். அவள் நிற்கும்போதெல்லாம் எல்லோரும் நிற்கிறார்கள். ராமொசாகூடச் செருமலை விழுங்கிக்கொள்கிறான்.

நானும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன். பனிக்குள்ளிருந்து என்ன வர வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். இருட்டுகிறது. மறுபடி கூப்பிட அவள் வாயைத் திறந்துவிட்டாள்.