ஏரியில் விட்ட கல்

கௌதமன் எழுந்தான். மோட்டார் போட்டான், தொட்டி வழிந்ததும் நிறுத்தினான். மாவு புளித்திருந்தது. இரண்டு தோசை ஊற்றிப் பொடி தொட்டுத் தின்றான். தேய்க்காத சட்டையை மாட்டிக்கொண்டான்.

"ஆபீசா?" என்றாள் கீழ்வீட்டுக் கௌரியம்மாள்.

"இல்லீங்க, ஏரிக்கு."

திருத்தணி பஸ் நிலையத்தில் மொட்டையடித்த கூட்டத்துக்குள் புகுந்து, கே.ஜி.கண்டிகை பஸ்ஸில் ஏறினான்.

முந்தின நாள் சென்னைக் கல்லூரியிலிருந்து போன் வந்திருந்தது. உங்கள் மனைவி தருவதாகச் சொன்ன கல் எங்கே என்று கேட்டார்கள். அலமாரியில் தேடினான், கட்டிலடியில் தேடினான், அடுப்படியில் தேடினான். அப்புறம்தான் உறைத்தது.

உதயா நிலவியல் படித்தவள். கடப்பா பக்கம் ஓர் ஓடைக்கரையில் எடுத்த கல் அது, தேங்காய் அளவு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆழமில்லாத கடலில், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் படலம் படலமாகப் படிந்து இறுகியது என்பாள். அப்போது பூமியில் மரமில்லை, மீனில்லை, புழுகூட இல்லை.

காய்ச்சலில் அவள் போன பிறகு, கருமாதி வரைக்கும் அவளாக நினைத்துத் தண்ணீர் ஊற்ற ஒரு கல் கேட்டார்கள். யாரோ அடுப்படியில் கிடந்ததை எடுத்து வந்தார்கள். கௌதமன்தான் அதற்கு மஞ்சள் பூசினான். தினமும் தண்ணீர் ஊற்றினான். கடைசியில் அவள் பிறந்த ஊர் ஏரியில் கொண்டுபோய் விட்டான். எதைத் தொடுகிறோம் என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

ஏரியில் முழங்கால் தண்ணீர்தான். ஆனால் ஊரில் செத்தவர்கள் எல்லோருடைய கல்லும் அந்த ஓரத்தில்தான் கிடந்தது. பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். ஒவ்வொன்றாக எடுத்துச் சேறு வழித்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

மாமனார் தீனதயாளன் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னா மாப்ளே இது? தண்ணில வுட்ட கல்லை எவனாவது எடுப்பானா? எம்பொண்ணு போற வழி தெரியாம வாசல்ல வந்து நின்னுகினு இருப்பா!"

"அது அவ கல்லு மாமா. காலேஜுக்குக் குடுக்க வெச்சிருந்தா."

"அப்படி இன்னா கீது அதுல?"

"பாசி மாதிரி ஒண்ணு. நாம இழுக்கற மூச்சுக்காத்தை மொதமொதல்ல வுட்டதே அதுங்கதான்."

"பாசியா? ஏரி பூரா கீது. மூட்டை கட்டிகினு போ!"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கௌதமன் நிமிரவில்லை. வெயில் ஏறியது. இடுப்பு விட்டுப்போனது. அடுத்த கல்லை எடுத்தான், அதற்கடுத்ததை எடுத்தான். உச்சிவேளைக்கு ஒன்று கிடைத்தது. சேற்றுக்கடியில், முட்டைக்கோசைக் குறுக்கே வெட்டியதுபோல வரிமேல் வரி.

கரையேறிப் பையில் போட்டான். தீனதயாளன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"கொண்டுபோய் இன்னா பண்ணுவாங்க?"

"அறுத்துப் பார்ப்பாங்க."

"எம்பொண்ணையா?"

"கல்லை, மாமா."

"நீதானே அதுக்கு அவ பேரைச் சொல்லித் தண்ணி ஊத்தினே?"

"திட்டுங்க. ஆனா கொண்டுபோவேன்" என்றான்.

தீனதயாளனின் பிடி தளரவில்லை. குரல்தான் தளர்ந்தது.

"ஆஸ்பத்திரில நீதான் கூட இருந்தே. கடைசியா இதைப் பத்தி எதுனா சொன்னாளா? அவ சொல்லியிருந்தா வுட்டுர்றேன்."

அறுக்கச் சொன்னாள் என்று ஒரு பொய் போதும். கௌதமன் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். கேட்டதும் தீனதயாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. முகத்தைத் துடைக்க வாரை விட்டார்.

அவள் புருஷனிடம் சொன்னது இவ்வளவுதான்:

"பாவா, அந்தக் கல்லுல இனிமே பூண்டு நசுக்காதே."