முப்பத்து நான்கு விரிப்புகள்

ஆறாயிரத்து நூற்று இருபது. நீலக்கா ஆஸ்பத்திரிக்குத் தர வேண்டிய கடன் அது. படுக்கை விரிப்பு ஒன்று நூற்றெண்பது. பதினோரு மாதக் கணக்கில் காணாமல் போனவை முப்பத்து நான்கு. மாதம் ஐந்நூற்றுப் பத்து வீதம் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். இரண்டு மாதம் பிடித்தும் விட்டார்கள்.

பணம் போனதைக்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். வாசல் காவலாளி அவள் பையைத் துழாவத் தொடங்கியதைத்தான் தாங்க முடியவில்லை. பதினாறு வருடமாக "என்னக்கா, சாப்டாச்சா" என்று கேட்டபடி கதவைத் திறந்துவிட்ட மனிதர். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார்.

"டப்பாக்குள்ள விரிப்பு அடங்குமாண்ணே?"

"மேல இருந்து உத்தரவும்மா. நான் என்ன பண்றது."

சலவைக்கு நீலம் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்ததால் அவளுக்கு அந்தப் பெயர். சலவைக்கூடம் தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. நான்கு மெஷினில் ஒன்று எந்நேரமும் ரிப்பேர். மேலே எட்டு வார்டு. ஒவ்வொரு வார்டிலும் அழுக்கு விரிப்புகளைப் பத்துப் பத்தாக மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். மூட்டையைத் தாழ்வாரத்தில் அவிழ்க்கக் கூடாது, நோய் பரவும். அதனால் அங்கே யாரும் விரிப்பை எண்ணுவதில்லை, முடிச்சைத்தான் எண்ணுவார்கள். ஆறு முடிச்சு என்றால் அறுபது. வார்டு உதவியாளர் நோட்டை நீட்டுவார், நீலக்கா கையெழுத்துப் போடுவாள். கீழே கொண்டுவந்து மெஷினுக்கு முன்னால் அவிழ்த்தால் சில மூட்டையில் ஒன்பதுதான் இருக்கும்.

அந்தப் பத்தாவது எங்கே போனது என்று தெரியாத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. யாராவது இறந்துபோனால், அவருக்கு அடியில் கிடந்த விரிப்பிலேயே சுற்றித்தான் பிணவறைக்குத் தூக்கிப்போவார்கள். அதே விரிப்போடு அவர் வீட்டுக்குப் போவார். ஆனால் நோட்டில் கொடுத்தது, வந்தது, கிழிந்தது என்று மூன்றே கட்டம். இறந்தவரோடு போனது என்று ஒரு கட்டம் இல்லை. வார்டு உதவியாளர் என்ன செய்வார்? ஒன்பதைக் கட்டிப் பத்து என்று எழுதிவிடுவார். எழுதாவிட்டால் அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

ஸ்டோர் குமாஸ்தாவுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கழித்தல். யார் சம்பளத்திலும் அவர் எதையும் கூட்டிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. முதல் மாதமே நீலக்கா அவரிடம் போய் நின்றாள்.

"செத்தவங்களோட போகுது சார். உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது. நோட்டுல பத்துன்னு இருக்கு. கீழ இருக்கறது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"அப்ப விரிப்பு உன்கிட்ட வந்தாச்சு. அப்புறம் அது நடந்து போச்சா, பறந்து போச்சான்னு நீதான் சொல்லணும்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளோடு படியிறங்கிச் சலவைக்கூடம் வரைக்கும் வந்தது.

ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தான் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இதே ஆஸ்பத்திரியில், நான்காம் மாடி வார்டில்தான் போனார். அக்கா தரையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஆஸ்பத்திரிக்காரனுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்காடி?" என்றாள் அக்கா. "ஊசி, மருந்து, ட்யூப்பு, எல்லாம் சரி. இதப் பாரு. அவரைச் சுத்திக் குடுத்த துணிக்கும் காசு போட்டிருக்கான்."

நீலக்கா பில்லை வாங்கினாள். கடைசிக்கு முந்தின வரி. படுக்கை விரிப்பு, ஒன்று, நூற்றெண்பது.

இரண்டு தரம் படித்தாள். அந்த விரிப்பை அவளுக்குத் தெரியும். முதுகெல்லாம் புண்ணாகிப்போன மனிதருக்கு உறுத்தக் கூடாது என்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த ஒன்றை அவளே தேடி எடுத்து, தேய்த்து, நான்காம் மாடிக்குக் கொண்டுபோய் விரித்தாள். அவள் கடன் கடிதத்தோடு வந்த பட்டியலிலும் நான்காம் மாடி இருந்தது, அத்தான் இறந்த தேதி இருந்தது, ஒரு விரிப்பு இருந்தது. அக்காவிடம் நூற்றெண்பது, தங்கச்சியிடம் நூற்றெண்பது. விரிப்போ அத்தானோடு மண்ணுக்குள்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இதக் குடுக்கா. நாளைக்குத் தர்றேன்."

"எதுக்குடி? நீ பாட்டுக்கு வேலைக்கு உலை வச்சுக்காத."

"திருடின்னு பேரு வாங்கிட்டுப் பாக்கற வேலை என்னக்கா வேலை. போனா போகுது."

மறுநாள் காலை மெஷினைக்கூடப் போடாமல் பிணவறைக்குப் போனாள். பிணவறைக்காரர் பேய் பிசாசுக்குப் பயப்படாதவர், குமாஸ்தாவுக்குப் பயப்படுவார்.

"என் தலையில கடன் போட்டாங்களே, அந்தப் பதினோரு மாசத்துல நம்ம எட்டு வார்டுல இருந்தும் எத்தனை பேரு வந்தாங்கண்ணே?"

"காலங்காத்தால என் தலைய உருட்டப் பாக்கறியா?"

"உங்க தலை வேணாம். நோட்டு போதும்."

அவர் சலித்துக்கொண்டே விரலை நனைத்துத் தாள்களைப் புரட்டினார். நாற்பத்தொரு பேர். அதில் ஏழு வீட்டார் சொந்தத் துணி கொண்டுவந்து சுற்றிக்கொண்டு விரிப்பைத் திருப்பித் தந்திருந்தார்கள். அதையும் ஒன்று விடாமல் குறித்து வைத்திருந்தார்.

"மிச்சம் முப்பத்து நாலு," என்று அவர் வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கடன் கதை அவருக்கும் தெரியும். நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். "பதினோரு மணிக்குள்ள கொண்டாந்துடு. ஆளு வந்தா எழுதணும். நம்மளுக்கு வராம இருக்காது."

நிர்வாக அதிகாரியின் அறை வாசலில் அரை மணி நேரம் காக்க வைத்தார்கள். அங்கிருந்த பெண் சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு படிவத்தைக் கொடுத்தாள். 'இங்கே பணிபுரியும் உங்கள் அனுபவம்' என்று போட்டு, அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து பொம்மை முகம் வரைந்திருந்தது. கோபப்படுகிற முகம் அதில் இல்லை. நீலக்கா அதை நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"உக்காருங்கம்மா," என்றார் அதிகாரி. "நாமெல்லாம் ஒரே குடும்பம். எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம்."

அவள் உட்காரவில்லை. கடன் கடிதம், அக்காவின் பில், பிணவறை நோட்டு மூன்றையும் அவர் முன்னால் பிரித்து வைத்தாள். எந்த வரி என்று நீல விரலால் காட்டினாள்.

"குடும்பம்னா சொல்லுங்க சார். குடும்பத்துல செத்தவரு சுத்திட்டுப் போன துணிக்கு அக்காகிட்டயும் காசு வாங்கி, தங்கச்சிகிட்டயும் காசு வாங்குவாங்களா?"

அதிகாரி மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மணியடித்துக் கழித்தலைக் கூப்பிட்டார்.

"பில் போடறது வேற செக்ஷன் சார்," என்றார் கழித்தல். "ஸ்டாக் எங்க செக்ஷன். நாங்க எழுதறது அவங்களுக்குத் தெரியாது."

"காசு மட்டும் வழி தெரிஞ்சு ஒரே பெட்டிக்கு வந்துடுதோ?" என்றாள் நீலக்கா. "வித்துட்டீங்க சார். நீங்களே வித்த விரிப்பத்தான் நான் திருடினேன்னு என் சோத்து டப்பாவத் தொறந்து பாக்கறீங்க. மத்த முப்பத்து மூணு வீட்டுக்கும் இதே மாதிரி போட்டிருக்கீங்களா?"

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"அந்த விஷயத்த நான் விசாரிக்கறேன். இத வெளியில பெருசு பண்ண வேணாம்மா. உங்க கடன மொத்தமா தள்ளுபடி பண்ணிடலாம். பிடிச்சதும் திரும்ப வந்துடும். எழுதுங்க."

கழித்தல் கடன் பதிவேட்டைக் கொண்டுவந்து எழுதினார். எழுதி, கையெழுத்துக்காக அவள் பக்கம் திருப்பினார். நீலக்கா இந்தத் தடவை முடிச்சை எண்ணிக் கையெழுத்துப் போடுவதாக இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'மேற்படி ஊழியரின் ஏழ்மை நிலையைக் கருதி, கருணை அடிப்படையில் தள்ளுபடி செய்யப்படுகிறது.'

"இத அடிங்க," என்றாள்.

"எத?"

"கருணைய."

"வழக்கமா இப்படித்தான் எழுதறது. எப்படி எழுதினா உனக்கென்ன, கடன் போச்சுல்ல?"

"தொலைச்சவளுக்குத்தான் கருணை வேணும். நான் எதத் தொலைச்சேன்? தப்பாப் பிடிச்சோம்னு எழுதுங்க. பையத் துழாவக் கூடாதுன்னு வாசலுக்கும் ஒரு தாள் போகட்டும். இல்லன்னா இந்தக் கடன் அப்படியே இருக்கட்டும் சார். நான் பில்ல எடுத்துக்கிட்டு அந்த முப்பத்து மூணு வீட்டுக்கும் போறேன். விலாசம் எல்லாம் இந்த நோட்டுல இருக்கு."

கழித்தல் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பிணவறை நோட்டைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

கழித்தல் ஸ்கேலை எடுத்து வைத்து அந்த வரியை அடித்தார். ஸ்கேல் நழுவிக் கோடு கோணலாகப் போனது. அதன் மேலே பொடி எழுத்தில், 'தவறாகப் பிடிக்கப்பட்டது' என்று எழுதினார். எழுத எழுத நீலக்கா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஆயிரத்து இருபதை எண்ணி வைத்தார். அவளும் ஒரு தரம் எண்ணினாள்.

மணி பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. அக்காவின் பில்லையும் பிணவறை நோட்டையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கடன் தொகைய இன்னும் அடிக்கலையே," என்றாள்.

கழித்தல் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தார். ஆறாயிரத்து நூற்று இருபதின் குறுக்கே கோடு விழுந்த பிறகுதான் நீலக்கா கையெழுத்துப் போட்டாள்.