துரை மாதிரி

செத்துக்கிடந்த அண்ணனின் மோவாயில் சவரிராயன் ரேசரை வைத்து மேல்நோக்கி இழுத்தான். சோப்பு நுரை விலகியது. நரைமயிர் அப்படியே நின்றது.

"புல்லா செதுக்குற? குடு இங்க," என்றாள் வியாகுலம்மாள்.

"சலூன்லேருந்து யாரையாவது கூப்பிட்டுரலாம் அண்ணி. சவப்பெட்டி இப்ப வந்துரும்."

"உங்கண்ணன் சலூன் பக்கமே போனதில்ல. துரை தானே மழிச்சுக்குவாராம்."

அவள் புருஷன் பாக்கியநாதன் பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே வெள்ளைக்கார துரை எதைச் செய்தாலும் ஒரு வாரத்துக்குள் பாலக்கரை வீட்டில் அது நடக்கும். துரை பைப் பிடித்தார். புகை ஒத்துக்கொள்ளாத இவர் வெறும் பைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துரை முள்கரண்டியால் சாப்பிட்டார். இவர் இட்லியைக் குத்திக் கொலை செய்தார். முழங்கால் வலியால் துரை இடதுகாலைச் சாய்த்து நடந்தார். வலியில்லாத இவரும் சாய்த்து நடந்தார். துரை கப்பலேறிப் பத்து வருஷமாகியும் பாலக்கரைத் தெருவில் அந்தக் கால் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. குரங்குக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று அவள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

ரேசரை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. கல்யாணமானதிலிருந்து தினமும் காலையில் அவருக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றதோடு சரி. இப்போது இடதுகைப் பெருவிரல் தானாகப் போய்க் கன்னத்தை இழுத்துப் பிடித்தது. காதோரத்திலிருந்து ரேசர் சாய்வாக இறங்கியது. கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு தட்டு. மறுபடி காதோரம்.

சவரிராயன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அண்ணன் நிற்பதைப் போலவே நின்று பார்த்தான். நாளைக்கு இவன் எந்தக் காலை நொண்டப் போகிறானோ என்று நினைத்துக்கொண்டாள்.

மேலுதட்டுக்கு வந்தபோது அவன் மெதுவாகக் கேட்டான். "அண்ணி, நீங்க ஏன் உதட்ட இழுத்து வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மேலுதடு பல்லின்மேல் இழுபட்டு, வாய் ஒரு பக்கம் கோணி, மூக்கு மேலே தூக்கியிருந்தது. கண்ணாடிக்கு மேலாகத் தினமும் பார்த்து அவள் மனசுக்குள் கரித்துக்கொட்டிய அதே மூஞ்சி.

"பெட்டி வந்துருச்சான்னு போய்ப் பாரு."

அவன் போனான். அவள் வாயை நேராக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அதன்பிறகு கை ஓடவில்லை. ரேசர் நழுவி மூக்குக்குக் கீழே கீறிவிட்டது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் வரவில்லை.

சவரக் காயத்துக்கென்று அவர் வைத்திருந்த படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கீறலின்மேல் வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.