குளிக்குப் போன பச்சை வண்டி

என் சகலையை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டவன் நானே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நேர்ந்தவற்றுக்கு வேறொருவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

குழுவின் பெயர் 'வளைவு'. கார்ப் பந்தயத்தைத் தமிழில் பின்தொடரும் ஆயிரத்து நானூறு பேர் கைப்பேசி வழியே கூடும் இடம் அது. அங்கே நான் எட்டு ஆண்டுகளாகச் சுற்றுக்குறிப்பு எழுதி வந்தேன். வண்டிகள் ஒவ்வொரு சுற்றையும் முடிக்குந்தோறும், முன்னால் இருப்பவர் யார், அடுத்தவர் எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறார், எவருடைய டயர் தேய்ந்திருக்கிறது என்பவற்றை ஒரே வரியில் எழுதி இடுவேன். வேலையில் இருப்போரும் நேரலை பார்க்க வசதியற்றோரும் என் வரிகளைக் கொண்டே பந்தயத்தை அறிந்தனர். அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு சுற்றும் விட்டுப்போனதில்லை. 'கண்ணாடிக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பது அங்கே ஒரு பேச்சாகவே ஆகியிருந்தது.

கண்ணாடிக்காரர் என்பது என் தொழிலால் வந்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சை ஃப்ரேமுக்கு ஏற்ற அளவில் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. சில லென்சுகளை இரண்டு டிகிரி திருப்பிப் பொருத்திவிட்டாலும், அணிகிறவருக்குத் தரை சாய்ந்தாற்போல் தெரியும். முப்பதாண்டு அந்த வேலையைச் செய்தவனுக்குப் பிழை என்றால் உடம்பு கூசும்.

பந்தயத்தின் நடுவே டயர் மாற்றுவதற்காக வண்டிகள் ஓரத்தில் ஒதுங்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'பிட்' என்பர். அதைக் 'குழி' என்று எழுதத் தொடங்கியவன் நான். 'பச்சை வண்டி குழிக்குச் சென்றது' என்று நான் எழுத, எல்லாரும் அவ்வாறே எழுதினர். ஆயிரத்து நானூறு பேர் வாயில் என் சொல் ஒன்று புழங்கியது. அதில் எனக்கிருந்த பெருமையை என் மனைவியிடங்கூடச் சொன்னதில்லை.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இரண்டு தளங்களுக்கு நடுவே லிஃப்ட் நின்று உள்ளே ஆட்கள் சிக்கிக்கொண்டால், வெளியே நின்று அவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்வார். அழுதுகொண்டிருந்தவர் கதவு திறக்கும்போது சிரித்துக்கொண்டு வெளியே வருவாராம். இதை என் மனைவியின் தங்கை சொல்லக் கேட்டபோது நானும் மகிழ்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னோடு அமர்ந்து பந்தயம் பார்த்தார், பிடித்துப்போயிற்று என்றார், அன்றே குழுவில் சேர்த்தேன்.

அடுத்த பந்தயத்தில் அவர் எழுதிய முதல் வரி இது: 'பச்சை வண்டி குளிக்குப் போகுது'.

நான் உடனே திருத்தினேன்: 'குழி என்பதே சரி. சிறப்பு ழகரம் இடுக.'

அதற்கு அவர் எழுதினார்: 'மன்னிச்சுக்கோங்க சகல. வண்டி ரொம்ப அழுக்கா இருந்துச்சா, குளிக்கத்தான் போகுதுன்னு நெனச்சுட்டேன்.'

அந்த வரிக்கு முந்நூற்றுப் பதினோரு இதயக்குறிகள் விழுந்தன. என் எட்டாண்டு வரிகளில் எதுவும் நாற்பதைத் தாண்டியதில்லை.

அன்றோடு 'குழி' ஒழிந்தது. 'மஞ்சள் வண்டி குளிச்சாச்சு.' 'ரெண்டரை செகண்டுல குளிச்சிட்டான், முதுகு தேச்சானா இல்லையா?' 'நீலத்துக்குத் துண்டு எடுத்து வைக்க மறந்துட்டானுங்க, ஏழு செகண்டு ஆயிடுச்சு!' என்றெல்லாம் எழுதினர். பக்கெட்டும் சோப்புமாகப் படங்கள் வரைந்து இட்டனர். ஒரு லாரி ஓட்டுநர் எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் எனக்குக் கைகூப்பும் படம் அனுப்புவார். அவரும் சகலையின் வரிக்கு இதயம் இட்டிருந்தார். என் பழைய வாசகர்கள் எவரெவர் அங்கே போயிருக்கின்றனர் என்று ஒவ்வொரு பெயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். புண்ணைச் சொறிவது போன்ற வேலை அது. ஆயினும் விட முடியவில்லை.

நானும் ஒரு நகைச்சுவை எழுதிப் பார்த்தேன். எழுதி முடிக்க இரண்டு சுற்றுகள் பிடித்தன. அதற்கு இரண்டே இதயங்கள் விழுந்தன. ஒன்று சகலையினுடையது.

"என்னங்க, சாப்பிடும்போதுகூட அந்த போனை மொறச்சுப் பாக்கறீங்க?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"தங்கச்சி புருஷன் ஏதோ ஜோக்கு எழுதி எல்லாரும் சிரிக்கறாங்களாமே. அவ சொன்னா."

"எழுத்துப்பிழை விட்டாரு. அதுக்குப் பேரு ஜோக்கா?"

"ஓஹோ! அதான் ரெண்டு நாளா சோறு எறங்கலையா? உங்க வயித்தெரிச்சல்ல இன்னிக்குப் பாலு தானாவே காய்ஞ்சிருக்கும், அடுப்பே வேண்டாம்."

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சுடும் என்று தெரிந்தேதான் அவள் சொன்னாள்.

ஆண்டின் கடைசிப் பந்தயத்துக்கு முன், குழுவை நடத்துபவர் ஓர் அறிவிப்பு விடுத்தார். அவரை எல்லாரும் 'ஹெல்மெட்' என்று அழைப்பர். இம்முறை எழுத்தோடு நில்லாமல், ஒருவர் தமிழில் நேரடியாகப் பேசி வருணனை செய்ய, குழுவினர் அனைவரும் கேட்கலாம் என்பது ஏற்பாடு. எட்டு ஆண்டுகள்! வேறு யாரை அழைப்பார்?

மறுநாள் ஹெல்மெட் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, உங்க சகல பேசட்டும். குரல் அருமையா இருக்கு. நீங்க பக்கத்துல உக்காந்து டைமிங் பாத்து சீட்டு எழுதிக் குடுத்துடுங்க. நீங்க இருந்தா தப்பே வராது."

"நான் பேசினா வராதா?"

"அய்யோ, வரும்ணே. ஆனா நீங்க பேசினா... கொஞ்சம் நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கும்ல?"

சரி என்றேன். மறுத்திருக்கலாம். மறுத்தால், சீட்டு எழுதும் இடத்திலும் வேறொருவர் அமர்ந்துவிடுவார் என்ற அச்சம்.

ஞாயிறு பிற்பகல் சகலையின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தோம். தொலைக்காட்சியில் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டிருந்தார். அவர் காதில் ஒலிவாங்கியோடு கூடிய கருவி. என் முன்னே இரண்டு கைப்பேசிகள்: ஒன்றில் வண்டிகளின் நேரக்கணக்கு, மற்றொன்றில் குழுவினர் எழுதுபவை. கையில் சீட்டுக்கட்டு. அக்காளும் தங்கையும் அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தனர்.

அவர் நன்றாகவே பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை. 'மஞ்சள் 1.8 நொடி பின்' என்று நான் எழுதிக் கொடுத்தால், அவர் அதை எடுத்து, "மஞ்சள் மூச்சு விடறது பச்சையோட கழுத்துல படுதுங்க!" என்பார். என் எண்ணுக்கு உயிர் வந்துவிடும். அந்த உயிருக்கான பாராட்டு அவருக்குப் போகும். நான் எழுதிய சீட்டுகள் எல்லாம் அவர் காலடியில் கசங்கிக் கிடந்தன.

முப்பத்தெட்டாம் சுற்றில் ஒன்று நிகழ்ந்தது. முன்னணியில் இருந்த பச்சை வண்டி, டயர் மாற்றும் பாதையில் வேக வரம்பை மீறிவிட்டதாக நேரக்கணக்கின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி வந்தது. தண்டனை ஐந்து நொடி. மீண்டும் அங்கே வந்து நின்று அதைக் கழிக்காவிட்டால், பந்தயம் முடிந்தபின் அதன் நேரத்தோடு ஐந்து நொடி கூட்டப்படும். தொலைக்காட்சித் திரையிலும் அவ்வரி தோன்றி மறைந்தது. அப்போது சகலை குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

பழக்கத்தால் என் கை எழுதிவிட்டது: 'சுற்று 38. பச்சைக்கு 5 நொடி தண்டனை. மஞ்சள் 5 நொடிக்குள் இருந்தால் மஞ்சளே முதல்.'

கொடுக்க நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். குழுவில் மூன்று பேர், 'பச்சைக்குப் பெனால்டி இருக்கே, ஏன் சொல்லல?' என்று கேட்டிருந்தனர். அதையும் நான் அவருக்குக் காட்டவில்லை. மீதமிருந்த சுற்றுகளில் ஒழுங்காகச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கும்போது தலையசைத்து நன்றி சொன்னார்.

பச்சை வண்டி மூன்று நொடி முன்னதாகக் கோட்டைக் கடந்தது.

"ஜெயிச்சாச்சு! பச்சை ஜெயிச்சாச்சு! பதினோரு வருஷமா காஞ்சு கெடந்தாங்க மக்களே, இன்னிக்கு அடிச்சாங்க பாருங்க!" அவர் எழுந்து நின்று கத்தினார். கண்ணில் நீர் துளிர்த்திருந்தது. இரண்டு நிமிடம் பேசினார். பின்னர்த் திரையில் பெயர்கள் இடம் மாறின: முதல் மஞ்சள், இரண்டாவது பச்சை.

அவர் பேச்சு பாதியில் நின்றது. குழுவில் சிரிப்புப் படங்கள் கொட்டின. ஹெல்மெட் எழுதினார்: 'டைமிங் யார் பாத்தது?'

சகலை ஒலியை அடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சகல, என்ன ஆச்சு? அஞ்சு செகண்டு பெனால்டியாமே?"

"நான் கவனிக்கல," என்றேன்.

பொய் இத்தனை எளிதாக வரும் என்று எனக்குத் தெரியாது.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு ஒலியைத் திறந்து, "மக்களே, தப்பு எங்களோடதுதான். நானும் தூங்கிட்டேன், சகலையும் கொஞ்சம் அசந்துட்டாரு. மனுஷன் எத்தனை வருஷமா ஒண்டியாளா பாத்துக்கிட்டிருக்காரு, விட்டுடுங்க," என்றார்.

உடனே எவரோ எழுதினார்: 'கண்ணாடிக்காரருக்கே கண்ணாடி போடணும் போல!' நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு இருநூறு இதயங்கள் ஏறின. அதன் கீழே லாரி ஓட்டுநர்: 'பாவம், வயசாகுதுல்ல.' அதன் கீழே ஹெல்மெட்: 'அடுத்த வருஷம் டைமிங் வேற யாராச்சும் பாக்கட்டும். பெரியவருக்கு ரெஸ்ட் குடுப்போம்.'

அவர் விழ வேண்டும் என்று நான் தோண்டியதில் விழுந்தவன் நான். எட்டு ஆண்டுகளில் ஒரு நொடி பிசகாதவன், செய்யாத பிழைக்காகப் பரிதாபத்துக்கு ஆளாகி நின்றேன். செய்த குற்றமோ எவருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். என்னால் இயலவில்லை. பொல்லாதவன் என்று சொல்லட்டும். கவனமற்றவன் என்று சொல்லக் கூடாது.

வருணனையை முடித்துவிட்டு, அடுத்த அறையில் மனைவியிடம் இரண்டு சொல் பேசிவிட்டு அவர் பால்கனிக்குப் போனார். நானும் பின்னே சென்று, சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"முப்பத்தெட்டாவது சுத்துலயே எழுதிட்டீங்களா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

கீழே தெருவில் ஒருவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்த முயன்றுகொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பொறாமை."

அவரிடமிருந்து ஒரு விகடமும் வரவில்லை. முதன்முறையாக அவர் முகம் வெறுமையாக இருந்தது.

"நான் அழுதுட்டேன் சகல. அத்தனை பேர் கேக்க."

"பார்த்தேன்."

"பக்கத்துலேயே உக்காந்து பாத்தீங்க."

"ஆமா. இதை குரூப்ல போட்டுடுங்க. போட்டோ எடுத்துப் போடுங்க. நான் தப்பு பண்ணேன்னு சொல்லிடுங்க. ஆனா... கவனிக்காம இல்லன்னு தெரியட்டும்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சீட்டை நான்காக மடித்தார்.

"போடமாட்டேன்."

"எனக்காக மறைக்க வேண்டாம்."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா?" அவர் குரலில் லிஃப்டில் சிக்கியவர்கள் கேட்டறியாத ஒரு கசப்பு இருந்தது. "கல்யாணமாகி பத்து வருஷமா எங்க வீட்டுல ஒரே பாட்டு. 'மாமாவப் பாருங்க, எவ்வளவு கரெக்டு. மாமாவுக்கு ஒரு எழுத்து பிசகாது. நீங்களும் இருக்கீங்களே!' இன்னிக்குத்தான் மொத மொத, 'மாமாகூட தப்பு பண்ணுவாரா?'ன்னு கேட்டா. கேக்க எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? இந்தச் சீட்டைப் போட்டா, மறுபடியும் நீங்கதான் கரெக்டு."

"அப்ப நான் பண்ணினது?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும்."

சீட்டை அவர் தம் பையில் இட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து என் மனைவியின் தங்கை, "மாமா, கண்ணு எரிச்சலா இருந்தா கொஞ்சம் சாஞ்சுக்கறீங்களா?" என்று அன்போடு கேட்டாள்.

சகலை என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார்.

"ஆமாம்மா," என்றேன். "ரெண்டு நாளாவே கொஞ்சம் எரிச்சல்தான்."